கல்ஃப் மின்சார–குடிநீர் நிறுவனத்தில் இன்ஜினியர் வேலை: சேர்வது முதல் விலகுவது வரை முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் மின்வாரியம் வேறு, குடிநீர் வாரியம் வேறு. துபாயில் இரண்டுக்கும் ஒரே பில். மின்சாரக் கம்பெனியையும் தண்ணீர்த் துறையையும் ஒன்றாக்கி 1992 ஜனவரி 1 அன்று உருவான நிறுவனம்தான் துபாய் மின்சார நீர் ஆணையம், எல்லோரும் சொல்கிற பெயர் டீவா. அதன் ஜெபல் அலி வளாகத்தில் 9,547 மெகாவாட் மின்சாரமும், ஒரு நாளைக்கு 490 மில்லியன் இம்பீரியல் காலன் குடிநீரும் ஒரே இடத்தில் தயாரிக்க முடியும். ஒரு இம்பீரியல் காலன் என்பது 4.546 லிட்டர். கணக்குப் போட்டால் நாளைக்கு சுமார் 2,227 மில்லியன் லிட்டர். மீஞ்சூர் 100, நெம்மேலி 100, நெம்மேலியின் புதிய ஆலை 150 என்று சென்னையின் மூன்று கடல்நீர் ஆலைகளையும் கூட்டினால் 350 தான் வரும். அதைப்போல ஆறு மடங்குக்கு மேல்.

இந்த அளவுள்ள நிறுவனங்களில் கண்ட்ரோல் ரூம், மெயின்டனன்ஸ், கெமிக்கல் லேப், சப்ஸ்டேஷன் என்று எங்கே பார்த்தாலும் ஒரு தமிழ்க் குரலாவது கேட்கும். ஆனால் சேர நினைக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற தகவல் பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றியது. வேலை என்ன, அதற்கு எப்படித் தயாராவது என்று சொல்வார் குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் நான் அழுத்திச் சொல்லப்போவது ஒன்று: மின்சாரப் பக்கம், தண்ணீர்ப் பக்கம் இரண்டும் தெரிந்த இன்ஜினியருக்கு இங்கே தனி மதிப்பு. ஒரு பக்கம் மட்டும் தெரிந்த கெட்டிக்காரர்கள் பல வருடம் அதே நாற்காலியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 1: யாரிடம் வேலைக்குச் சேரப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே ஆலைக்குள் மூன்று நான்கு விதமான முதலாளிகள் இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே நீல கவரால்தான் போட்டிருப்பார்கள். ஆனால் ஒப்பந்தம், சம்பளம், வேலை உறுதி எல்லாம் வேறு வேறு.

முதல் வகை அரசு சார்ந்த நிறுவனங்கள். துபாயில் டீவா, கத்தாரில் கஹ்ரமா, குவைத்தில் மின்சார நீர் அமைச்சகம். சவூதியில் 1974-ல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்புக் கழகம் 2024 முதல் சவூதி நீர் ஆணையமாக மாறியிருக்கிறது. இங்கெல்லாம் உள்நாட்டு இளைஞர்களுக்குத்தான் முன்னுரிமை. அது நியாயமும்கூட. வெளிநாட்டவருக்குத் திறக்கும் இடங்கள் பெரும்பாலும் அனுபவம் கேட்கும் இடங்களாக இருக்கும்.

இரண்டாவது வகைதான் நம்மவர்கள் அதிகம் நுழையும் வாசல். கல்ஃபில் பல ஆலைகளை அரசு தானே நடத்துவதில்லை. ஒரு தனியார் கூட்டமைப்பு ஆலையைக் கட்டும், அரசு நிறுவனம் 20, 25 வருடத்துக்கு மின்சாரத்தையும் தண்ணீரையும் வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போடும். அபுதாபியில் எவெக் என்ற நிறுவனம் இப்படித்தான் வாங்குகிறது. பல ஆலைகளில் தாகா என்ற அபுதாபி நிறுவனம் பெரிய பங்குதாரர். குவைத்தின் அஸ்ஸூர் வடக்கு ஆலை அந்த நாட்டின் முதல் இப்படிப்பட்ட திட்டம்: 1,500 மெகாவாட், நாளைக்கு 107 மில்லியன் காலன். ஆலையின் சொந்தக்காரராக ஒரு திட்டக் கம்பெனி இருக்கும், அன்றாடம் ஓட்டுவதற்கு இன்னொரு இயக்க–பராமரிப்புக் கம்பெனி இருக்கும். சவூதியின் ஆக்வா பவருக்கு நோமாக் இருப்பது போல. ஆபரேஷன், மெயின்டனன்ஸ் இன்ஜினியர்களை எடுப்பது பெரும்பாலும் இந்த இயக்கக் கம்பெனிதான். அதனால் ஆலையின் பெயரைத் தேடாதீர்கள், அதை ஓட்டுகிறவர் யார் என்று தேடுங்கள்.

மூன்றாவது, கட்டுமான ஒப்பந்தக்காரர்களும் டர்பைன் தயாரிப்பாளர்களின் சர்வீஸ் பிரிவும். வேலை கடுமையானது, ஒரு திட்டம் முடிந்தால் அடுத்த திட்டத்துக்குப் பெட்டி கட்ட வேண்டும். ஆனால் கமிஷனிங், அதாவது புது ஆலையை முதன்முதலில் ஓட்டிச் சோதிக்கும் வேலை, பார்த்த இன்ஜினியர் ஒரு ஆலையைப் பிறப்பிலிருந்து அறிவார். இரண்டு கமிஷனிங் பார்த்தவரை இயக்கக் கம்பெனிகள் தேடி வந்து எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, ஆள் சப்ளை கம்பெனி. பேட்ஜில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும், விசாவில் வேறு கம்பெனியின் பெயர். ஆலையைப் பழுதுபார்க்க நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் நுழைந்து அனுபவம் சேர்க்க இது ஒரு வழி. நிரந்தரம் என்று நம்பிப் போகாதீர்கள்.

படி 2: ஊரிலேயே சேர்க்க வேண்டிய அனுபவம்

கல்லூரி முடித்த கையோடு கல்ஃப் மின்நிலையத்தில் இன்ஜினியராகச் சேர்வது அரிது. சவூதியில் ஐந்து வருட அனுபவம் இல்லாத வெளிநாட்டு இன்ஜினியருக்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. ஆக, முதல் நான்கைந்து வருடம் எங்கே என்பதுதான் கேள்வி.

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களுக்கு அனல்மின் நிலையம், எரிவாயு கம்பைன்ட் சைக்கிள் நிலையம், பெரிய ரிஃபைனரியின் சொந்த மின்நிலையம் எல்லாமே நல்ல தொடக்கம். பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். கல்ஃபில் அது சட்டப்படி தேவையில்லாத இடத்திலும், ரெஸ்யூமில் அதைப் பார்க்கிற ஷிப்ட் மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார்.

கெமிக்கல் படித்தவர்களுக்கும், தண்ணீர்ப் பக்கம் போக நினைக்கும் மெக்கானிக்கல்காரர்களுக்கும் என் முதல் யோசனை மீஞ்சூரும் நெம்மேலியும்தான். கடல்நீரை மெம்பரேன் என்ற சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. ஆலையின் அடிப்படை எங்கேயும் ஒன்றே. வங்காள விரிகுடாவின் கடல்நீரில் கற்றதை பாரசீக வளைகுடாவுக்கு எடுத்துப் போகலாம். அங்கே உப்பு இன்னும் அதிகம், அவ்வளவுதான்: பொதுவாகக் கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் வளைகுடாவில் 45 கிராம் வரை போகும். சென்னை அருகே பேரூரில் நாளைக்கு 400 மில்லியன் லிட்டர் ஆலை எழுகிறது. அதன் கமிஷனிங் குழுவில் நுழைய முடிந்தால் நுழையுங்கள். நெம்மேலியின் முதல் ஆலையைக் கட்டிய சென்னை வாபாக் போன்ற கம்பெனிகளுக்கு கல்ஃபிலும் வேலைகள் உண்டு, உள்ளே இருந்துகொண்டே அங்கே போகவும் வழி கிடைக்கும்.

படி 3: ஆலையை ஒன்றாகப் படியுங்கள்

இதில் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இன்டர்வியூவும் வேலையும் இங்கேதான் முடிவாகின்றன.

எரிவாயு டர்பைன் எரிகிறது. அதன் புகையின் வெப்பத்தில், பின்னால் இருக்கும் பாய்லரில் நீராவி உண்டாகிறது. அந்த நீராவி ஸ்டீம் டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வருகிறது. சாதாரண மின்நிலையத்தில் அது கண்டன்சரில் குளிர்ந்து தண்ணீராகும். கல்ஃபின் பழைய கூட்டு ஆலைகளில் அது இரண்டு மூன்று பார் அழுத்தத்தில் நேராகத் தண்ணீர் ஆலையின் பிரைன் ஹீட்டருக்குப் போகும். அங்கே கடல்நீரை 105, 110 டிகிரி வரை சூடாக்கும். சூடான உப்புநீர் அழுத்தம் குறைந்துகொண்டே போகும் அறைகள் வழியாக ஓட, ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் ஆவியாகி, மேலே உள்ள குழாய்களில் பட்டுக் குடிநீராகச் சொட்டும். இதற்கு எம்.எஸ்.எஃப். என்று பெயர். பிரைன் ஹீட்டரில் குளிர்ந்த நீராவி கண்டன்சேட் என்ற தண்ணீராக மறுபடி பாய்லருக்கே திரும்பும்.

இப்போது ஒரு இரவு ஷிப்டை நினைத்துப் பாருங்கள். பிரைன் ஹீட்டர் கண்டன்சேட்டின் கண்டக்டிவிட்டி, அதாவது உப்பைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்து அளவு, மெல்ல ஏறுகிறது. மின்சாரப் பக்கத்து ஆபரேட்டர் அது தண்ணீர்ப் பக்கத்து விவகாரம் என்று நினைக்கலாம். தண்ணீர்ப் பக்கத்து ஆபரேட்டருக்குக் குடிநீரின் தரம் நன்றாகத்தான் இருக்கிறது, அவருக்குக் கவலை இல்லை. நடப்பது என்ன? ஹீட்டரில் ஒரு குழாய் ஓட்டையாகியிருக்கிறது. உப்புநீர்ப் பக்கம் அழுத்தம் அதிகம், நீராவிப் பக்கம் குறைவு, அதனால் கடல் உப்பு கண்டன்சேட்டுக்குள் நுழைகிறது. பாய்லருக்குப் போகும் தண்ணீரின் கேட்டயான் கண்டக்டிவிட்டி சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று பாடுபடுகிற இடத்தில் கடல்நீர் கலக்கிறது. உடனே கண்டன்சேட்டை வெளியே கொட்ட வேண்டும், பாய்லருக்கு உப்பு நீக்கிய டிமின் தண்ணீர் போதுமா என்று பார்க்க வேண்டும், தண்ணீர் யூனிட்டை இறக்க வேண்டும், லேப் ஆளை எழுப்ப வேண்டும். தாமதித்தால் பாய்லர் குழாய்களும் டர்பைன் பிளேடுகளும் விலை கொடுக்கும். இரண்டு பக்கமும் தெரிந்தவர் இதைச் சில நிமிடங்களில் பிடித்துவிடுவார்.

இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வியும் இதே இடத்தைத்தான் தொடுகிறது: “ஸ்டீம் டர்பைன் ட்ரிப் ஆனால் தண்ணீர் என்ன ஆகும்?” ட்ரிப் ஆனதும், அதாவது டர்பைன் திடீரென்று தானாகவே நின்றதும், பைபாஸ் வால்வு திறந்து, அழுத்தமும் வெப்பமும் குறைக்கப்பட்ட நீராவி நேராகத் தண்ணீர் ஆலைக்குப் போக வேண்டும், குடிநீர் நிற்கக் கூடாது. இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். வெப்பம் குறைக்கத் தெளிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது வராவிட்டால் என்ன ஆகும் என்று தொடர்ந்து பேசுங்கள். எதிரே இருப்பவரின் முகம் மாறும்.

அடுத்தது பருவம். கோடை உச்சத்தில் ஏசி சுமையால் தேவைப்படும் மின்சாரத்தில் பாதிகூட குளிர்கால இரவில் தேவைப்படாது. ஆனால் தண்ணீர் தேவை அப்படிக் குறைவதில்லை. மின்சாரம் குறைவாகத் தயாரித்தால் நீராவியும் குறையும். தண்ணீருக்கு நீராவி எங்கே போவது? பாய்லரில் கூடுதல் எரிபொருளை எரிக்க வேண்டும், அல்லது துணைப் பாய்லரை ஓட்ட வேண்டும். இந்தச் சிக்கல்தான் கல்ஃப் முழுவதையும் ஆர்.ஓ. பக்கம் தள்ளியது. ஆர்.ஓ.வுக்கு நீராவி வேண்டாம், ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போதும், அதைச் சூரிய ஒளியிலிருந்தும் எடுக்கலாம். அபுதாபியின் தவீலா ஆர்.ஓ. ஆலை ஒரு நாளைக்கு 200 மில்லியன் காலன். துபாயின் ஹஸ்யான் ஆலைக்கு 2023-ல் ஒப்பந்தம் போட்டார்கள், 180 மில்லியன் காலன்.

ஆர்.ஓ. பக்கம் போகிறவர் படிக்க வேண்டியது மெம்பரேனைவிட அதற்கு முன்னால் இருப்பவற்றைத்தான். கடல்நீர் உள்ளே வரும் இடம், வடிகட்டிகள், தண்ணீரில் மிஞ்சும் நுண் அழுக்கைக் காட்டும் எஸ்.டி.ஐ. அளவு. குளோரின் ஒரு துளி தப்பிப் போனாலும் மெம்பரேன் கெடும், அதனால் குளோரினை நீக்கும் சோடியம் பைசல்ஃபைட் டோசிங்கும், குளோரின் மிச்சமிருந்தால் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டரும் ஆர்.ஓ.வின் உயிர்நாடி. 2008–09-ல் ஓமான் கடலிலும் வளைகுடாவிலும் சிவப்பு அலை எனப்படும் பாசிப் பெருக்கம் வந்தபோது சில ஆலைகள் வாரக்கணக்கில் நின்றன. அதற்குப் பிறகு கட்டப்பட்ட ஆலைகளில் காற்றுக்குமிழியால் அழுக்கை மேலே மிதக்கவிட்டு எடுக்கும் தொட்டிகள் அதிகமாக இடம்பிடித்தன.

கையில் செய்து பழக வேண்டிய ஒரு வேலையையும் சொல்கிறேன். ஆர்.ஓ.வில் மெம்பரேன்களை உள்ளே அடுக்கிய குழாய்க்கு வெசல் என்று பெயர், சேர்ந்து ஓடும் வெசல்களின் தொகுதி ஒரு ட்ரெயின். ஒரு ட்ரெயினின் நல்ல தண்ணீரில் உப்பு கூடினால், கண்டக்டிவிட்டி மீட்டரை எடுத்துக்கொண்டு வெசல் வெசலாக மாதிரி எடுங்கள். நூறு வெசலில் ஒன்றின் எண் மட்டும் தனியாகத் துள்ளி நிற்கும். அந்த வெசலுக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, ஒரு மெம்பரேன் நீளம் தாண்டித் தாண்டி அளந்தால், உப்பு எங்கே நுழைகிறது என்று இடமே தெரியும். பெரும்பாலும் குற்றவாளி இரண்டு மெம்பரேன்களை இணைக்கும் இடத்தில் நசுங்கிய ஒரு ஓ-ரிங்காக இருக்கும். ட்ரெயின் முழுக்க மெம்பரேன் மாற்றச் சொல்லி ரிப்போர்ட் எழுதுகிறவருக்கும், ஒரு ஓ-ரிங்கை மாற்றி முடிக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு மணி நேர வேலைதான்.

எலெக்ட்ரிக்கல்காரர்களுக்கு ஒரு தகவல். சவூதியின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், மற்ற கல்ஃப் நாடுகளில் 50. அதனால் 2009-ல் தொடங்கிய கல்ஃப் மின்இணைப்பில் சவூதியை அல் ஃபாதிலியில் உள்ள நேர்மின்சார மாற்று நிலையம் வழியாகத்தான் சேர்த்திருக்கிறார்கள். சவூதிக்குப் போகிறவர் மோட்டார் வேகம், பம்ப் கணக்கு எல்லாவற்றையும் 60-க்கு மாற்றிப் பழக வேண்டும்.

படி 4: காகிதங்கள்

வேலை கிடைத்த பிறகு அலைவதைவிட முன்பே முடித்து வைப்பது நல்லது. டிகிரிச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் உயர்கல்வித் துறை முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சகம். தூதரக முத்திரை தேவைப்படாமல் செய்யும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சவூதி 2022-ல் சேர்ந்துவிட்டது, ஓமானும் பஹ்ரைனும் முன்பே அதில் உண்டு. அமீரகத்துக்குத் தூதரக முத்திரையும், போன பிறகு அங்குள்ள வெளியுறவு அமைச்சக முத்திரையும் வேண்டும்.

சவூதியில் இன்ஜினியர் என்ற பதவியோடு இகாமா என்ற தங்கும் அனுமதி வேண்டுமானால் சவூதி இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிவு கட்டாயம். உங்கள் டிகிரியின் பிரிவும் விசாவில் உள்ள பதவிப் பெயரும் பொருந்த வேண்டும். மெக்கானிக்கல் டிகிரியை வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் விசாவில் போனால் பதிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

குவைத்துக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. அங்கே இன்ஜினியர் என்று பதிவாக குவைத் இன்ஜினியர்கள் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். 2018-ல் இந்த விதி இறுகியபோது, தொழிற்கல்விப் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் இந்தியாவின் என்.பி.ஏ. அங்கீகாரம் இல்லாத கல்லூரிகளில் படித்தவர்கள், வருடக்கணக்கில் அங்கேயே இன்ஜினியராக இருந்தவர்கள்கூட, திண்டாடிப் போனார்கள். பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்கும் பெற்றோர் இதைப் படித்தால் ஒன்று கவனியுங்கள்: என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, பாடப்பிரிவு வாரியாக, குறிப்பிட்ட காலத்துக்குக் கிடைப்பது. உங்கள் பிரிவுக்கு உண்டா என்று பாருங்கள்.

படி 5: ரெஸ்யூமும் இன்டர்வியூவும்

“ஆலையின் இயக்கத்துக்குப் பொறுப்பு வகித்தேன்” என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. யூனிட் எத்தனை மெகாவாட், டர்பைன் யாருடையது, எந்த மாடல், பாய்லர் அழுத்தம் எத்தனை பார், கண்ட்ரோல் சிஸ்டம் எது, ஆர்.ஓ. என்றால் ஒரு ட்ரெயின் எத்தனை கன மீட்டர், ரிகவரி, அதாவது உள்ளே வரும் நீரில் நல்ல தண்ணீராவது, எத்தனை சதவீதம். இவ்வளவும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். குளிர் நிலையிலிருந்து ஸ்டார்ட்-அப் செய்ததுண்டா, மேஜர் ஓவர்ஹால் பார்த்ததுண்டா, வேலை தொடங்கத் தரும் பாதுகாப்பு அனுமதியான பெர்மிட்டை வழங்கும் அதிகாரம் இருந்ததா என்பதும்.

இன்டர்வியூவில் கேட்பது பெரும்பாலும் சம்பவங்கள்தான். நீங்கள் கண்டுபிடித்த ஒரு பழுது, அதற்கு முன் திரையில் என்ன தெரிந்தது, முதலில் எதைத் தொட்டீர்கள், ஏன். இரண்டு சம்பவங்களை எண்களோடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எங்கே தேடுவீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கண்ட்ரோல் ரூமில் தெரிந்த மாதிரி நடிப்பவர்தான் ஆபத்தானவர் என்று கேள்வி கேட்பவருக்கு நன்றாகத் தெரியும்.

படி 6: ஆஃபர் லெட்டரில் பார்க்க வேண்டியது

மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காதீர்கள், பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தின் தனியார் தொழிலாளர் சட்டப்படி கிராஜுவிட்டி கணக்கு பேசிக் மேல்தான்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். மொத்தம் ஒரே தொகையாக இருக்கும் இரண்டு ஆஃபர்களில் பேசிக் அதிகம் உள்ளது பத்து வருடத்தில் பெரிய தொகையாக வித்தியாசப்படும். சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஷிப்ட் அலவன்ஸ், ஓவர்டைம், குடும்ப விசா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அரசு நிறுவனங்களுக்கு அவற்றின் சொந்த விதிகள் உண்டு, தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட் மூலம் போவதானால் அவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று உரிம எண்ணை வைத்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் இன்ஜினியரிடம் பணம் வாங்கி வேலை தருவதில்லை.

படி 7: முதல் ஆறு மாதம்

போன உடனே திரைக்கு முன் உட்கார ஆசை வரும். அதைவிட முக்கியம் குழாய்களின் பின்னால் நடப்பது. குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்ட் ஐடி வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு சிஸ்டம். வால்வு எங்கே இருக்கிறது, ஏணி போட்டுத்தான் எட்டுமா, எந்தப் பக்கம் திரும்பும், கீழே வடிகால் எங்கே போகிறது. வரைபடத்தில் இல்லாத ஒரு பைபாஸ் குழாய் நிச்சயம் அகப்படும். சீனியர் ஃபீல்டு ஆபரேட்டர்களைக் கேளுங்கள். டிகிரி இல்லாத, இருபது வருடமாக அங்கேயே இருக்கும் மலையாளி அண்ணனோ, பாகிஸ்தானியரோ, பிலிப்பைன்ஸ்காரரோ சொல்வது எந்த மேனுவலிலும் இருக்காது. மரியாதையாகக் கேட்டால் அள்ளிக் கொடுப்பார்கள்.

பல ஆலைகளில் கருவிகளுக்கு கே.கே.எஸ். என்ற ஜெர்மன் குறியீட்டு முறை உண்டு. எல்.ஏ.சி. என்றால் பாய்லர் ஃபீடு பம்ப், எல்.பி.ஏ. முக்கிய நீராவிக் குழாய், பி.ஏ.சி. குளிர்விப்பு நீர் பம்ப், எம்.கே.ஏ. ஜெனரேட்டர். முதல் வாரத்தில் வெறும் எழுத்துக் கூட்டமாகத் தெரியும். மனப்பாடம் செய்துவிட்டால் அலாரம் வந்த நொடியில் எந்தக் கருவி, எந்த யூனிட் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரவு மூன்று மணிக்குத் திரையில் ஐம்பது அலாரம் கொட்டும்போது இதன் அருமை புரியும். அந்த ஐம்பதில் முதலில் வந்தது எது என்று தேடுங்கள், மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

அப்புறம் பெர்மிட். இதில் சமரசமே கூடாது. லாக் போட்டு, டேக் மாட்டி, அழுத்தம் இல்லை, மின்சாரம் இல்லை என்று நேரில் உறுதி செய்த பிறகுதான் கையெழுத்து. எம்.எஸ்.எஃப். அறைக்குள்ளோ பாய்லர் டிரம்முக்குள்ளோ ஆள் இறங்கும்போது காற்றைப் பரிசோதிக்காமல் அனுமதிக்காதீர்கள். குறிப்பாக, துரு பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் நிரப்பி நிறுத்தி வைத்திருக்கும் பாய்லர். நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே நினைவு போய்விடும். காப்பாற்ற உள்ளே பாய்கிறவரும் சேர்ந்து விழுவார். யூனிட் லேட்டாகிறது என்று மேலிருந்து எவ்வளவு நெருக்கினாலும், உங்கள் கையெழுத்து ஒரு குடும்பத்தின் தலைவன் மேல் போடும் கையெழுத்து.

லாக் புத்தகத்தில் சந்தேகங்களையும் எழுதுங்கள். “பம்ப் பி-யில் அதிர்வு நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல்” என்ற ஒரு வரி, அடுத்த ஷிப்டில் பேரிங் உடைவதைத் தடுக்கும்.

படி 8: ஷிப்டும் வெயிலும் விடுமுறையும்

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகல் இரண்டு, இரவு இரண்டு, பிறகு நான்கு நாள் ஓய்வு என்ற முறை பரவலாக உண்டு. இரவு ஷிப்ட் முடிந்ததும் ஊருக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டே உட்கார்ந்தால் தூக்கம் போச்சு. ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் உங்கள் ஷிப்ட் அட்டவணையை அனுப்பி வையுங்கள்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அவசரப் பழுதுகளுக்கு விலக்கு உண்டு, அதற்கும் நிழலும் தண்ணீரும் தர வேண்டும். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு இந்த விதியைக் காப்பாற்றிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

கோடையில் எல்லா யூனிட்டும் ஓட வேண்டும், எனவே ஓவர்ஹால் எல்லாம் குளிர்காலத்தில், ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. பொங்கலுக்கு ஊருக்கு வருவது மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்குக் குதிரைக்கொம்பு. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவாக இருந்தாலும் தேதி வைக்கும் முன் அவுட்டேஜ் அட்டவணையைப் பாருங்கள். வருடம் தொடங்கும் முன்பே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 9: மேலே ஏற

மூன்றாவது வருடத்துக்குள் ஆலையின் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். எல்லாப் பக்கங்களும் கிடைக்காது, மேனேஜரிடம் கேட்டால் தொழில்நுட்ப இணைப்புகளையாவது காட்டுவார். இப்படிப்பட்ட ஆலைகளுக்குப் பணம் பெருமளவு வருவது தயார் நிலைக்குத்தான். கேட்டபோது ஓடத் தயாராக இருந்தாயா என்பதே கணக்கு. திட்டமிட்டு நிறுத்தினால் ஒரு கணக்கு, திடீரென்று ட்ரிப் ஆனால் வேறு கணக்கு. இது புரிந்த இன்ஜினியர், வால்வு ஒழுகுவதை இன்று நிறுத்திச் சரி செய்வதா, வெள்ளிக்கிழமை வரை தாங்குமா என்பதைப் பண மதிப்போடு சேர்த்து எடுத்துச் சொல்வார். மேனேஜ்மென்ட் அவரைத்தான் கூட்டத்துக்குக் கூப்பிடும்.

பழைய எம்.எஸ்.எஃப். யூனிட்டுகள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கின்றன, புதிதாக வருவது ஆர்.ஓ.வும் சூரிய மின்சாரமும். ஹத்தாவில் மலைமேல் தண்ணீரை ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 250 மெகாவாட் நிலையத்தைக் கட்டும் வேலையையும் டீவா எடுத்திருக்கிறது. நீராவி மட்டுமே தெரிந்தவர் இப்போதே ஆர்.ஓ. பக்கம் தற்காலிகமாகவாவது போக அனுமதி கேளுங்கள். ஆர்.ஓ. மட்டும் தெரிந்தவர் மின்சாரம் எந்த நேரத்தில் மலிவு, அதற்கேற்ப ட்ரெயின்களை எப்படி ஏற்றி இறக்குவது என்று படியுங்கள். அந்த இடத்தில் மின்சாரமும் தண்ணீரும் மறுபடி ஒன்றாகின்றன, அதில் தேர்ந்தவர்கள் இன்னும் குறைவு.

கையோடு கொஞ்சம் அரபியும் பழகுங்கள். ஆலைக்குள் ஆங்கிலம் போதும். ஆனால் இளம் உள்நாட்டு இன்ஜினியர்கள் உங்களிடம் பயிற்சிக்கு வருவார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவர்களிடமிருந்து விஷயத்தை ஒளிக்கிறவர்கள் உண்டு. நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர்களின் ஒப்பந்தம்தான் பெரும்பாலும் நீண்டுகொண்டே போகிறது.

படி 10: விலகும்போது

ராஜினாமா கொடுக்கும் முன் நோட்டீஸ் காலத்தை ஒப்பந்தத்தில் பாருங்கள். அனுபவச் சான்றிதழில் வெறும் பதவியும் தேதியும் மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். ஆலையின் திறன், யூனிட் வகை, உங்களுக்கு இருந்த பெர்மிட் அதிகாரம், பார்த்த ஓவர்ஹால்கள் எல்லாம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதிகாரம் பெற்றவர் என்ற அட்டையின் நகல், பயிற்சிச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள் அனைத்தையும் அலுவலக மெயில் மூடப்படும் முன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆலையின் வரைபடங்களையும் ரிப்போர்ட்டுகளையும் தொடாதீர்கள், அவை நிறுவனத்தின் சொத்து. எடுத்து வந்தால் வழக்காகிவிடும். அமீரகத்தில் தனியார் நிறுவனம் என்றால் ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் கிராஜுவிட்டி உட்பட எல்லா பாக்கியும் வந்துவிட வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் பதிய வேண்டும், அதைச் செய்து முடித்த பிறகு விசாவை ரத்து செய்யக் கையெழுத்துப் போடுங்கள்.